கடல் கடந்த பணியும் கரை சேர்ந்த வாழ்வும்
அந்தமான் நிக்கோபாரில் படைவீரர் குடும்பங்களின் மறுவாழ்வு: ஓர் ஆய்வு

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு படைவீரர் என்று பெயர் எடுத்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பென்ஷனில் வந்துவிட்டால், அவருக்கு வழி சொல்லத் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் பிழையாக இருந்தால் யாரைப் பார்ப்பது, கேன்டீன் கார்டை எங்கே புதுப்பிப்பது, பிள்ளையின் கல்லூரி உதவித்தொகைக்கு எந்த மாதம் விண்ணப்பிப்பது என்பதெல்லாம் திண்ணைப் பேச்சிலேயே தெரிந்துவிடும். அதே மனிதர் கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் குடியிருந்தால் நிலைமை வேறு. தலைநகரான ஸ்ரீ விஜயபுரம், அதாவது நேற்றுவரை நாம் போர்ட் பிளேர் என்று அழைத்த ஊர், அங்கிருந்து கடல்வழியாக 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கப்பல் கிடைத்து, கடலும் அமைதியாக இருந்தால்தான் ஒரு கையெழுத்துக்கே போய்வர முடியும்.

படைப்பணி முடித்துத் திரும்புவோருக்கு நம் நாட்டில் திட்டங்கள் குறைவில்லை. ஆனால் அவை அனைத்தும் பக்கத்தில் ஒரு மாவட்ட அலுவலகம், ஒரு பேருந்து, விவரம் தெரிந்த ஓர் உறவினர் இருப்பார் என்ற நம்பிக்கையில் வகுக்கப்பட்டவை. தீவுகளில் அந்த நம்பிக்கை பொய்த்துப் போகிறது. பணமாகவும் நிலமாகவும் கொடுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடாது, திரும்பிவரும் வீரரோடும் அவர் குடும்பத்தோடும் ஆண்டுக்கணக்கில் உடன்வருவதுதான் மறுவாழ்வு என்பதை அந்தமான் நிக்கோபாரின் அரை நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வகைத் திரும்புதல்

தீவுகளில் படைவீரர் மறுவாழ்வு என்பது ஒரே பிரச்சினை அல்ல. மூன்று வகையினர் இருக்கிறார்கள்.

முதல் வகையினர் பெருநிலத்திலிருந்து இங்கே பணிக்கு வந்து திரும்பிச் செல்பவர்கள். 2001 அக்டோபரில் அந்தமான் நிக்கோபார் கூட்டுப் படைத்தலைமை அமைக்கப்பட்டது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் கடலோரக் காவல்படையும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும்படி நாட்டில் முதன்முதலாக உருவான அமைப்பு இது. வடக்கே திக்லிபூர் பக்கத்தில் ஐ.என்.எஸ். கோஹாசா, கமோர்ட்டாவில் ஐ.என்.எஸ். கார்திப், தெற்கே கேம்ப்பெல் பேயில் 2012இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். பாஸ், கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம் எனத் தீவுத் தொடர் முழுவதும் வீரர்கள் பணியில் இருக்கிறார்கள். இவர்களில் பலரின் குடும்பம் சென்னையிலோ மதுரையிலோ பாட்னாவிலோ இருக்கும். அவர்கள் பிரச்சினை பிரிவும் அதன் பிறகான சேர்தலும்.

இரண்டாம் வகையினர் தீவிலேயே பிறந்து, படையில் சேர்ந்து, காஷ்மீரிலும் ராஜஸ்தானிலும் பணியாற்றி ஓய்வுபெற்று ஊர் திரும்புபவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம்தான். இத்தனை சிறிய இடத்தில் தனியார் வேலைவாய்ப்பும் சிறியது. நாற்பது வயதில் பென்ஷனில் வருபவருக்கு இரண்டாம் வேலை கிடைப்பதுதான் இவர்களின் பெரிய கேள்வி.

மூன்றாம் வகையினரே இந்தத் தீவுகளுக்கே உரியவர்கள். பணி முடித்து ஊருக்குத் திரும்பாமல், அரசின் அழைப்பை ஏற்றுக் கடல் கடந்து வந்து காட்டில் குடியேறியவர்கள். இவர்கள் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். வேறெங்கும் இல்லாத பாடம் அதில் இருக்கிறது.

கிரேட் நிக்கோபார்: நிலம் கொடுத்த அரசு

1962, 1965 போர்களுக்குப் பிறகு நாட்டின் தென்முனைத் தீவை ஆளில்லாமல் விடக்கூடாது என்ற எண்ணம் வலுத்தது. இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்களில் பெரும்பாலானவை இந்த வழியே செல்கின்றன. 1969இல் தொடங்கி 1980 வரை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறத்தாழ 330 இங்கே குடியமர்த்தப்பட்டன. பஞ்சாப், மராட்டியம், கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம் எனப் பல மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். கிழக்குக் கரையோரமாகக் கேம்ப்பெல் பே, கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என ஏழு ஊர்கள் எழுந்தன. எல்லைச் சாலைகள் அமைப்பு காட்டை ஊடுருவிச் சாலை போட்டது. அந்தச் சாலையின் கிலோமீட்டர்க் கல்லே ஊரின் அடையாளமும் ஆனது.

குடும்பத்துக்கு வீட்டுமனை, நெல் விளைய நிலம், தென்னையும் பாக்கும் வைக்கத் தோட்ட நிலம் கிடைத்தன. காகிதத்தில் இது தாராளமான ஏற்பாடு. ஆனால் அதை வாங்கிக்கொண்டவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பதினைந்து இருபது ஆண்டுகள் துப்பாக்கி பிடித்தவர். ஊரில் அப்பாவின் நிலத்தைக் கூட அண்ணன் தம்பிகள்தான் பார்த்தார்கள். அவர் மனைவி கடலையே பார்த்திராத பஞ்சாப் கிராமத்துப் பெண்ணாகவோ, கொங்கு நாட்டுக் கரிசலில் வளர்ந்தவளாகவோ இருப்பாள். வந்து இறங்கிய இடத்தில் வானம் பார்த்தால் மரம், இடைவிடாத மழை, மலேரியா. விளைந்ததை விற்கச் சந்தை இல்லை. தேங்காய் பறித்துக் கொப்பரை ஆக்கினாலும் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். மகனோ மகளோ பள்ளி முடித்தால் கல்லூரிக்கு அனுப்ப வேண்டியது போர்ட் பிளேருக்கு. 1967இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி அங்கேதான் இருந்தது. போர்முனையிலிருந்து மீண்டவர் வீட்டில் மறுபடியும் ஒரு பிரிவு.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் ஊர்களை உருவாக்கினார்கள். குருத்வாராவும் கோயிலும் தேவாலயமும் ஒரே சாலையில் எழுந்தன. பிள்ளைகள் இந்தியில் பேசி ஒன்றாகப் படித்தார்கள். தமிழ்க் குடும்பமும் பஞ்சாபிக் குடும்பமும் சம்பந்தி ஆயின. ஒரு ரெஜிமென்டில் கற்ற கூட்டு வாழ்க்கைதான் அவர்களைக் காப்பாற்றியது. அரசு நிலம் கொடுத்தது. ஒருவருக்கொருவர் துணையை அவர்களே ஏற்படுத்திக்கொண்டார்கள்.

இந்தக் குடியேற்றத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காடும் கரையும் ஷோம்பென் மக்களுக்கும் நிக்கோபாரி மக்களுக்கும் உரியவை. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் வந்த தீவு அது. ஒரு சமூகத்தின் மறுவாழ்வுக்காக இன்னொரு சமூகத்தின் இருப்பிடம் சுருங்கியது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இனி வகுக்கும் எந்தத் திட்டமும் அந்த மக்களையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

2004 டிசம்பர் 26

சுனாமி அடித்த அன்று கிரேட் நிக்கோபாரின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நிலத்தில் நின்றது போய், அதன் அடி கடலுக்குள் நின்றது. காந்தி நகர், சாஸ்திரி நகர்ப் பகுதியில் வீடும் வயலும் தோட்டமும் போயின. அலை வடிந்த பிறகும் நீர் பல இடங்களில் திரும்பிப் போகவில்லை. நிலமே தாழ்ந்துவிட்டதால் முப்பது ஆண்டு உழைத்துத் திருத்திய வயலில் உப்புநீர் நிரந்தரமாகத் தங்கியது. மேற்குக் கரையில் நிக்கோபாரி ஊர்கள் அழிந்து, பிழைத்தவர்கள் கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் தங்கவைக்கப்பட்டார்கள். கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளத்தை அலை விழுங்கியது. வீரர்களும் அவர்கள் மனைவி மக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

படைவீரர் மறுவாழ்வு என்ற சொல்லின் முழுப் பொருளும் அன்று சோதிக்கப்பட்டது. கார் நிக்கோபாரில் உயிர்தப்பிய வீரர் ஒரே நேரத்தில் மீட்புப் பணியாளராகவும் குடும்பத்தை இழந்தவராகவும் இருந்தார். கிரேட் நிக்கோபாரில் குடியேறிய முதல் தலைமுறையினர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். போர், குடியேற்றம், கடல் என்று வாழ்க்கையை மூன்றாம் முறையாக அவர்கள் தொடங்க வேண்டியிருந்தது. தகரக் கொட்டகைகளில் இடைக்கால வாழ்க்கை. நிலையான வீடுகள் கைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. வீடு திரும்பக் கிடைத்தது. ஆனால் வயலுக்கு ஈடாக வயல் கிடைப்பது எளிதாக இல்லை. பென்ஷன் ஒன்றுதான் தவறாமல் வந்தது. பல வீடுகளில் அந்த ஒரு பென்ஷனில் மூன்று தலைமுறை சாப்பிட்டது.

இப்போது இன்னொரு கட்டம் வந்திருக்கிறது. கலாத்தியா வளைகுடாவில் பெருந்துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் அடங்கிய கிரேட் நிக்கோபார் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. விமான நிலையத்துக்கு வேண்டிய நிலம் முன்னாள் வீரர்கள் குடியேறிய அதே பகுதியில் வருகிறது. நாட்டின் பாதுகாப்புக்காக இங்கே வந்து குடியேறுங்கள் என்று அழைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம், அதே காரணத்தைச் சொல்லி நிலம் கேட்கப்படுகிறது. இழப்பீட்டுத் தொகையை மட்டும் வைத்து இந்தக் கேள்வியை முடித்துவிடக் கூடாது.

இன்றுள்ள ஏற்பாடுகள்

பாதுகாப்பு அமைச்சகத்தில் 2004 முதல் முன்னாள் படைவீரர் நலனுக்கெனத் தனித்துறை இருக்கிறது. அதன் கீழ் மத்திய சைனிக் போர்டு, அதற்குக் கீழே மாநில, மாவட்ட வாரியங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. தீவுகளுக்குப் போர்ட் பிளேரில் இருக்கும் வாரியமே எல்லாமும். மறுவேலைக்கும் பயிற்சிக்கும் மறுகுடியமர்வுத் தலைமை இயக்ககம் இருக்கிறது. மத்திய அரசின் சி பிரிவு வேலைகளில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

மருத்துவத்துக்கு 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். திட்டம். போர்ட் பிளேரில் கடற்படையின் ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி மருத்துவமனையும் அரசின் ஜி.பி.பந்த் மருத்துவமனையும் இருக்கின்றன. கேம்ப்பெல் பேயில் நெஞ்சுவலி வந்த முன்னாள் ஹவில்தாருக்கு இவை எட்டாத் தொலைவு. ஹெலிகாப்டரையோ விமானத்தையோதான் நம்ப வேண்டும். மழை மூடினால் அதுவும் இல்லை.

முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவையருக்குமான சில உதவித்தொகைகள் 2025 நவம்பர் முதல் இரட்டிப்பாக்கப்பட்டன. பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த வறியோருக்கு மாதம் 8,000 ரூபாய். பிள்ளைகள் இருவர் வரை கல்விக்கு மாதம் தலா 2,000 ரூபாய். மகள் திருமணத்துக்கு 1 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய உயர்வு. சட்ட உதவிக்காகத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா திட்டத்தைத் தொடங்கியது. எல்லையில் நிற்கும் வீரரின் வீட்டில் நிலத் தகராறோ குடும்ப வழக்கோ வந்தால், சைனிக் போர்டு அலுவலகத்திலேயே வழக்கறிஞர் உதவி கிடைக்கச் செய்வது இதன் நோக்கம்.

பட்டியல் நீளம்தான். ஆனால் ஒரு விண்ணப்பம் தீவில் எப்படிப் பயணிக்கிறது என்பதைப் பார்த்தால் குறை விளங்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரரின் விதவை ஒருவர் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்சார்ஜ் புக்கில் பிள்ளையின் பிறந்த தேதி பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகவில்லை என்றால் மெட்ராஸ் ரெஜிமென்டின் ஆவணப் பிரிவுக்கு, அதாவது நீலகிரி வெலிங்டனுக்கு எழுத வேண்டும். பதில் வந்தால் போர்ட் பிளேர் அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும். அதற்குக் கப்பலுக்குச் சீட்டு, போய்ச் சேரும்வரை சாப்பாடு, நகரத்தில் தங்க இடம், இங்கே வீட்டையும் ஆடு மாடுகளையும் பார்த்துக்கொள்ள ஆள். திருத்தம் ஒன்று சொல்லி அனுப்பிவிட்டால் திரும்பவும் அதே சுற்று. உதவித்தொகையில் பாதியை இந்த அலைச்சலே தின்றுவிடும். திட்டம் தீவில் இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். அந்த அம்மாவின் கைக்கு வராதவரை அது இல்லாததுதான்.

வீட்டுக்குள் நடக்கும் திரும்புதல்

அலுவலகத்தால் அளக்க முடியாத இன்னொரு திரும்புதல் வீட்டுக்குள் நடக்கிறது. ஒரு ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு. மீதி நாளெல்லாம் வீட்டை நடத்துவது மனைவி. வங்கிக் கணக்கு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மகனின் டியூஷன், கொத்தனாரோடு பேரம் எல்லாம் அவள் தலையில். கணவன் பணி முடித்து நிரந்தரமாக வந்து அமர்ந்ததும், இத்தனை நாள் அவள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கத் தொடங்குகிறான். அவன் கெட்டவனல்ல, யூனிட்டில் அவன் பழகிய ஒழுங்கு அது. அவளும் பிடிவாதக்காரி அல்ல. தனியாக நின்று கற்ற உறுதி அது. மகள் அப்பா இருக்கும் அறைக்குள் வரத் தயங்குகிறாள். ‘எப்பப்பா ட்யூட்டிக்குப் போவீங்க?’ என்று பழக்கத்தில் கேட்டுவிடுகிறாள். அவன் வெளியே போய்த் தெருவில் நிற்கிறான். குடி சில வீடுகளில் இந்த இடத்தில்தான் நுழைகிறது.

போர் வீரனின் மனத்தைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசன், காயம்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணித் தூக்கமின்றி இருக்கிறான். வீட்டில் அரசி அவன் வரவுக்காகத் தவிக்கிறாள். இரு பக்க வலியையும் ஒரே பாட்டில் வைத்துப் பார்த்த மரபு நம்முடையது. அந்தப் பாட்டு தேரொலி கேட்பதோடு நிறைவுறுகிறது. தேர் வாசலில் நின்ற பிறகு வரும் மாதங்களுக்குத் துணை ஏற்படுத்துவது நம் காலத்தின் பொறுப்பு.

அந்தத் துணை மெல்ல உருவாகி வருகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் அழைக்கலாம். 2023 டிசம்பரில் புணேயின் படை மருத்துவக் கல்லூரியில் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அதன் தனிப்பிரிவு திறக்கப்பட்டது. 1966இல் தொடங்கிய தரைப்படை மனைவியர் நலச் சங்கமும், கடற்படை, விமானப்படைச் சங்கங்களும் குடியிருப்புகளில் நல்ல பணி செய்கின்றன. ஆனால் அவற்றின் கை பணியில் இருப்போரின் குவார்ட்டர்ஸ் வரைதான் எளிதாக நீளும். பென்ஷனில் வந்து ஊர் நடுவே குடியிருப்பவரின் மனைவிக்கு யாரும் இல்லை.

இந்த இடைவெளி இனி அகலப் போகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நால்வரில் ஒருவர் வரை மட்டுமே நிரந்தரப் பணியில் தொடர்வார். மற்றவர்கள் நான்காண்டு முடிந்து ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வெளியே வருவார்கள். பென்ஷனும் ஈ.சி.எச்.எஸ்.ஸும் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அவர்களுக்கு இல்லை. இருபதுகளின் நடுவில் வீடு திரும்பும் அந்த இளைஞருக்குத் தேவை வேலை மட்டுமல்ல, அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்து பேச ஓர் ஆளும்தான்.

வரவேற்பும் நினைவும்

திரும்பும் வீரரைச் சமூகம் வரவேற்கும் விதமும் மறுவாழ்வின் ஒரு பகுதிதான். 1990 மார்ச்சில் இலங்கையிலிருந்து இந்திய அமைதிப் படையின் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. வரவேற்பில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி கலந்துகொள்ளவில்லை. ஈழத்தில் தமிழர் பட்ட துன்பம் தமிழ்நாட்டின் நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அரசியல் நிலைப்பாட்டின் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். படையை அனுப்பும் முடிவை எடுத்தவர் எந்தச் சிப்பாயும் இல்லை. தன் மொழி பேசும் மக்கள் நடுவே போரிட்டு மீண்ட தமிழ் வீரரின் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்க அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. 1987இல் அந்தப் போரில் உயிர்நீத்த மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. 2023 ஜனவரி 23இல் அந்தமானின் பெயரிடப்படாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர் சூட்டப்பட்டபோது ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது. நடுகல் நாட்டிய மரபுக்கு உரிய மரியாதை அது. மாண்டவருக்குச் செய்யும் மரியாதை, மீண்டவருக்குச் செய்யும் உதவியாலேயே நிறைவு பெறும்.

பிற நாடுகள் கற்றது

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் அரசு மருத்துவமனைப் படியேற மறுத்தார்கள். அதனால் 1979இல் அமெரிக்கா ‘வெட் சென்டர்’ என்ற சிறு மையங்களைக் கடைவீதிகளில் திறந்தது. ஆலோசகர்களில் பலர் தாங்களே போரிலிருந்து மீண்டவர்கள். குடும்பத்தினரும் வரலாம். இன்று ஏறத்தாழ 300 மையங்கள். தொலைவான ஊர்களுக்கு வண்டியிலேயே நடமாடும் மையங்கள். ஆஸ்திரேலியா 1982இல் வியட்நாம் வீரர்களுக்கெனத் தொடங்கிய ஆலோசனைச் சேவை, ‘ஓப்பன் ஆர்ம்ஸ்’ என்ற பெயரில் இன்று மனைவி மக்களுக்கும் கதவு திறந்து வைத்திருக்கிறது. இரண்டும் சொல்வது ஒன்றே: அலுவலகம் வீரரைத் தேடிப் போக வேண்டும், அனுபவப்பட்டவர் பேச வேண்டும், குடும்பமும் பயனாளியாக எண்ணப்பட வேண்டும்.

தீவுகளில் செய்ய வேண்டியவை

முதலாவது, சைனிக் போர்டு அலுவலர் கப்பலேற வேண்டும். கேம்ப்பெல் பே, கமோர்ட்டா, கார் நிக்கோபார், திக்லிபூர் ஆகிய இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகாம் நடத்தி, பென்ஷன் திருத்தம், ஈ.சி.எச்.எஸ். அட்டை, உயிர்வாழ் சான்று, சட்ட உதவி அனைத்தையும் ஒரே மேசையில் முடித்துத் தர வேண்டும்.

இரண்டாவது, குடியேறிய குடும்பங்களின் இரண்டாம் தலைமுறையில் படித்த பெண்களையும் ஆண்களையும் ஊதியத்தோடு தொடர்பாளராக அமர்த்த வேண்டும். எந்தப் பாட்டிக்கு பி.பி.ஓ.வில் என்ன பிழை என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மூன்றாவது, 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடி இணையக் கம்பிவடம் வந்துவிட்டது. கிரேட் நிக்கோபாரையும் அது தொடுகிறது. அதைக் கொண்டு ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரியின் மருத்துவரோடும், புணேயின் மனநலப் பிரிவோடும் வாரந்தோறும் குறித்த நாளில் பேச வசதி செய்யலாம். இந்தி, தமிழ், வங்கம், நிக்கோபாரி பேசும் உதவியாளர் உடனிருக்க வேண்டும்.

நான்காவது, பணி முடிக்கும் வீரருக்கு இப்போது தரப்படும் தொழிற்பயிற்சியோடு, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பங்கேற்கும் வழிகாட்டல் நாள்கள் வேண்டும். அக்னிவீரர்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஐந்தாவது, கிரேட் நிக்கோபாரில் நிலம் எடுக்கப்பட்டால், குடியேறிய குடும்பங்களுக்கும் நிக்கோபாரி, ஷோம்பென் மக்களுக்கும் இழப்பீட்டுக்கு அப்பால் பத்தாண்டு மறுவாழ்வு உறுதி எழுத்தில் தரப்பட வேண்டும். அதைக் கண்காணிக்கும் குழுவில் அந்த மக்களே இடம்பெற வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. தேவைப்படுவது தொடர்ச்சி. 1969இல் வந்தவர்களிடம் அரசு கேட்டது ஆண்டுகளை. அவர்கள் ஒரு வாழ்நாளையே கொடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகும் பலர் தீவை விட்டுப் போகவில்லை. முகாமில் ஒருநாள் ஒப்படைப்பு விழா நடத்திவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிடும் உதவி அவர்களுக்கு ஈடாகாது. மறுவாழ்வுப் பணியின் வெற்றியை எத்தனை அட்டை வழங்கினோம் என்று கணக்கிடுவதை நிறுத்திவிட்டு, பத்தாண்டு கழித்து அந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துக் கணக்கிட வேண்டும். தென்கோடித் தீவில் இருக்கும் கடைசிக் குடும்பத்துக்கு அது சாத்தியமானால், கம்மவான்பேட்டை உட்பட நாட்டின் எந்த ஊருக்கும் சாத்தியமாகும்.